சனிக்கிழமை பறித்த காளான்

போலந்து வார்சாவா சார்? தப்பா நினைச்சுக்காதீங்க, ஒட்டுக்கேக்கல. நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. பொண்ணா? அடுத்த மாசம் போகுதா? நல்லது. நான் அங்கதான் சார் இருந்தேன், ரெண்டரை வருஷம். எம்பேரு மாதேஷ், அரூர் பக்கம். நான் மொரப்பூர்ல இறங்கணும், இப்பத்தான் ஜோலார்பேட்டை தாண்டியிருக்கோம், நேரம் இருக்கு. சொல்றேன், பொண்ணுகிட்ட சொல்லிடுங்க.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். அங்க பால் பார்னு ஒன்னு உண்டு. பேரைக் கேட்டு மிரண்டுடாதீங்க, குடிக்கிற பார் இல்ல, நம்ம மெஸ் மாதிரி. தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில நிக்கணும். பியரோகின்னு கேக்கச் சொல்லுங்க. கொழுக்கட்டைதான் சார், சோமாஸ் மாதிரி மடிச்சு வேக வச்சது. உள்ள உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி. ஆனா மேல பன்றிக் கொழுப்பை வறுத்துப் போட்டுருவாங்க, வேண்டாம்னு முதல்லயே சொல்லணும். ஜூரெக்னு ஒரு சூப். புளிச்ச மாவுல வைக்கிறது, முதல் வாய்க்கு முகம் சுளிக்கும், மூணாவது வாய்க்கு நம்ம கூழ் ஞாபகம் வந்துரும். கொம்போத்னு ஒன்னு குடிக்கத் தருவாங்க. பழத்தைத் தண்ணியில வேக வச்சு ஆற வச்சது. நல்லது, உடம்புக்கு ஒன்னும் பண்ணாது.

பார்க்கிறதுக்குப் பழைய டவுன். போர்ல தரைமட்டமான ஊரு சார், செங்கல் செங்கலாத் திரும்பக் கட்டியிருக்காங்க. ஊர் நடுவுல பெரிய மாளிகை ஒன்னு, முப்பதாவது மாடிக்கு லிஃப்ட்ல ஏத்திவிடுவாங்க. அப்புறம் ஒரு பூங்கா, அங்க மயில் திரியும். நம்ம மயில் சார். புதுசா வந்த புள்ளைங்க அந்த மயிலைப் பார்த்துத்தான் அழுவுங்க. அதனால அதைக் கடைசியா வச்சிருப்பேன்.

ஆமா, நான்தான் காட்டுவேன். நம்மூர்ல இருந்து யாரு வந்தாலும் முதல் சனிக்கிழமை நான்தான். 'மாதேஷ் அண்ணன் ரவுண்டு'ன்னு வாட்ஸ்அப் குரூப்ல பேரே இருந்துச்சு. எந்த டிராம், எந்தக் கடை, எதைத் திங்கலாம், எதைத் திங்கக்கூடாது, எல்லாம் என்னைத்தான் கேப்பாங்க. பாஷையும் எனக்கு நல்லா வரும். கடைக்காரங்க, டிரைவருங்க, எல்லார்கிட்டயும் போலிஷ்லயே பேசுவேன். அங்கயே பொறந்தவனான்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

பொண்ணுகிட்ட ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லுங்க சார். யாரு குடுத்தாலும் காட்டுக் காளான் திங்க வேண்டாம். யாரு குடுத்தாலும்.

ஏன்னா கேக்குறீங்க? சொல்றேன். இதை நான் எங்க வீட்டுல கூட முழுசாச் சொன்னதில்ல.

போன வருஷம் செப்டம்பர் மாசம். நானும் இர்ஃபானும் ஒரு ஃபிளாட்ல இருந்தோம். இர்ஃபான் வாணியம்பாடிக்காரன், என் கிளாஸ்தான். மூணாவது ரூம் காலியா இருந்துச்சு, அதுக்கு ஷெரின்னு ஒரு புள்ளை வந்துச்சு. மார்த்தாண்டம். இருபத்திரெண்டு வயசு. அவங்க அப்பா அங்க பேக்கரி வச்சிருக்கார், ஜோஸ்னு பேரு. பொண்ணைத் தனியா அனுப்ப மனசில்லாம, யார் யாரையோ விசாரிச்சு என் நம்பரைப் பிடிச்சுப் பேசினார். தம்பி, உங்களை நம்பித்தான் மக்களை அனுப்புகேன்னார், அந்தப் பக்கம் பொண்ணை அப்படித்தான் சொல்லுவாங்க. நான் பார்த்துக்கறேன் அங்கிள்னு சொன்னேன். சொன்ன மாதிரி ஏர்போர்ட்டுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கினது நான். போர்வை வாங்கிக் குடுத்தது நான். அதெல்லாம் ஒரு குறையும் வைக்கல.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு ரவுண்டு, இர்ஃபானும் கூட வந்தான். காலையில பழைய டவுன் பார்த்தாச்சு, மத்தியானம் பால் பார்ல பியரோகி சாப்பிட்டாச்சு. அப்புறம் நான் சொன்னேன், வாங்க, யாரும் காட்டாத ஒன்னைக் காட்டறேன்னு. ஊர் ஓரத்துலயே காடு இருக்கு சார். மெட்ரோவுல கடைசி ஸ்டேஷன், அங்கிருந்து ஒரு பஸ், இறங்கினாக் காடு. அந்த மாசம் ஊரே கூடையைத் தூக்கிக்கிட்டுக் காளான் பறிக்கப் போகும். கிழவன், கிழவி, கைக்குழந்தைக்காரி, எல்லாரும். அவங்களுக்கு அது திருவிழா.

நான் காளானுக்குப் புதுசில்ல. எங்க ஊர்ல இடி இடிச்சு மழை பெஞ்சா மறுநாள் விடியறதுக்கு முன்னாடி ஓடுவோம். புத்துல முளைக்கும், வெள்ளையா, குடை மாதிரி. கறியை விட ருசி. எத்தனை தடவை பறிச்சிருப்பேன். அதனால காட்டுக்குள்ள போனதும் எனக்கு ஒரு குஷி. ஷெரின் ஒவ்வொன்னா ஓடிப்போய்க் காட்டும், அண்ணா இது திங்கலாமா, இது திங்கலாமான்னு. நானும் இது ஆகும், இது ஆகாதுன்னு சொல்லிக்கிட்டே போனேன். ஒரு பெரிய மரத்தடியில கும்பலா இருந்துச்சு. வெள்ளை, லேசாப் பச்சை கலந்த மாதிரி, குடை. பார்த்ததும் நம்ம புத்துக்காளான்தான். நான் பறிச்சேன். ஷெரின் வீடியோ கால் போட்டு அவங்க அப்பாவுக்குக் கூடையைக் காட்டுச்சு. அவர் அங்க பேக்கரியில வேலை செய்யறவங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டறார். தம்பிக்குத் தெரியாதது ஒன்னுமில்ல போலிருக்கேன்னார். நான் சிரிச்சேன்.

வீட்டுக்கு வந்து படியேறும்போது கீழ் வீட்டு அம்மா கதவைத் திறந்தாங்க. தனுதான்னு பேரு. அங்க பானின்னு மரியாதையாச் சேர்த்துக் கூப்பிடணும், பானி தனுதா. எழுபது வயசு இருக்கும், தனியா இருக்கிற அம்மா. கூடையைப் பார்த்தாங்க. பார்த்துட்டு கிட்ட வந்து கையை நீட்டினாங்க, காட்டுன்னு. என்னமோ சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. எனக்குப் புரியல. எனக்குப் போலிஷ் அவ்வளவா வராது சார். நான் நன்றின்னு சொல்லிட்டு மேல வந்துட்டேன். ஷெரின் கேட்டுச்சு, அந்த அம்மா என்ன சொல்லுச்சு அண்ணான்னு. நல்லாருக்குன்னு சொல்றாங்கன்னேன்.

சமையல் நான்தான். கழுவி, தோலை உரிச்சு, காம்பை நறுக்கினேன். நறுக்கும்போது பார்த்தேன். நம்ம புத்துக்காளானுக்குக் காம்பு வேர் மாதிரி கூராப் போகும், கீழ புத்துக்குள்ள. இதுல அப்படி இல்ல. இதுல காம்படியில ஒரு பை மாதிரி, முட்டை ஓட்டை உடைச்சு உள்ள காம்பை நட்டு வச்ச மாதிரி இருந்துச்சு. எல்லாத்துலயும் இல்ல. பறிக்கும்போது மத்தது மண்ணோட அறுந்துருச்சு. ஒன்னே ஒன்னுல முழுசா இருந்துச்சு. சரி, குளிர் நாடு, மண்ணு வேற, இப்படித்தான் முளைக்கும்போலன்னு நினைச்சேன். அந்த அடிக்காம்பை மட்டும் தனியா வெட்டி ஒரு டிஷ்யூ பேப்பர்ல சுத்தி வச்சேன். அப்புறமா நெட்டுல பார்க்கலாம்னு.

பார்த்தீங்களான்னா... இல்ல. அடுப்புல எண்ணெய் காஞ்சிருச்சு. ஷெரின் பக்கத்துலயே நிக்குது, வெங்காயம் நறுக்கிக் குடுக்குது, எங்க அம்மை சமைக்கிற வாசம் வரணும்னு ஏங்குது. அந்த நேரத்துல போனை எடுத்து நோண்டறதா? சந்தேகம்னு சொல்ல முடியாது சார். ஒரு மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். மிளகு தூக்கலாப் போட்டு வறுத்தேன். பிரமாதமா இருந்துச்சுன்னு ஷெரினே சொல்லுச்சு.

நான் சாப்பிடல. அன்னைக்குப் புரட்டாசி சனிக்கிழமை. ஒரு வேளைதான். மத்தியானமே சாப்பிட்டாச்சு. அதனால சாப்பிடல.

இர்ஃபானுக்குக் காளான் வழவழன்னு இருக்கும்னு பிடிக்காது, ரெண்டு ஸ்பூன் தின்னான். மீதி பூரா ஷெரின். சோத்தோட, அப்புறம் சும்மா, அப்புறம் சட்டியைத் துடைச்சு. ஏழு மணிக்குச் சாப்பிட்டாங்க. நான் எதிர்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். ஏன் அண்ணா அப்படிப் பாக்குறீங்கன்னு கேட்டுச்சு. ருசிச்சுத் திங்கறதைப் பார்க்க சந்தோஷமா இருக்குன்னேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணி இருக்கும். பாத்ரூம்ல சத்தம். ஷெரின் வாந்தி எடுக்குது. படுக்கையிலயே உக்காந்துட்டேன். வாந்தி நிக்கவே இல்ல, அதோட வயித்துப்போக்கு வேற, தண்ணி தண்ணியா. கொஞ்ச நேரத்துல இர்ஃபானும். ஒருத்தர் வெளிய வந்தா ஒருத்தர் உள்ள. நான் உப்பும் சர்க்கரையும் கலக்கிக் குடுத்தேன், முதுகைத் தடவி விட்டேன். பால் பார் சாப்பாடுதான் ஒத்துக்கலன்னு சொன்னேன். அந்தப் பாலாடைக்கட்டி புளிச்சிருக்கும்னேன். அதைத்தான் நானும் தின்னேன்னு அவங்க ரெண்டு பேருக்கும் அந்த நேரத்துல தோணல.

என்னென்னமோ ஓடுது மண்டையில. போலீஸ் வருமா? விசா போயிருமா? எங்கப்பா நிலத்தை வித்து அனுப்பினார் சார், அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? ஷெரின் அப்பாகிட்ட என்ன சொல்லுவேன்? அடுப்படிக்குப் போனேன். தோலு, காம்பு எல்லாம் ஒரு பச்சைக் கவர்ல கிடந்துச்சு. அந்த டிஷ்யூவும் அப்படியே மேடையில இருந்துச்சு. அதையும் கவருக்குள்ள அடியில தள்ளி, கட்டி, கீழ கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில போட்டுட்டு வந்தேன். வீடு நாறக்கூடாதுல்ல. உடம்பு சரியில்லாதவங்க இருக்கிற வீடு. சட்டியையும் மூணு தடவை தேய்ச்சேன்.

இர்ஃபான் ஆஸ்பத்திரிக்குப் போலாம்டான்னான். நான்தான் வேண்டாம்னேன். ஞாயித்துக்கிழமை, யாரும் பார்க்க மாட்டாங்க, சாயந்திரம் வரைக்கும் பார்ப்போம்னேன்.

சாயந்திரம் நின்னுருச்சு சார். நிஜமாவே நின்னுருச்சு. ஷெரின் எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சுச்சு. திங்கக்கிழமை காலையில தலை சீவிக்கிட்டு, கிளாசுக்குப் போகவா அண்ணான்னு கேக்குது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுட்டேன். எனக்குத் தெரிஞ்ச சாமியெல்லாம் கும்பிட்டேன். பார்த்தியா, பால் பார்தான்னு இர்ஃபான்கிட்ட சொன்னேன். என் ஜென்மத்துல நான் அவ்வளவு சந்தோஷமா இருந்தது அந்த ரெண்டு மணி நேரந்தான்.

பத்து மணிக்கு இர்ஃபான் பால் வாங்கக் கீழ போனான். படியில பானி தனுதா நிறுத்தி, ஏன் முகம் இப்படி இருக்குன்னு கேட்டிருக்காங்க. இவன் வயித்தைத் தொட்டுக் காட்டியிருக்கான். அந்த அம்மா உடனே க்ஷிபியான்னு கேட்டிருக்காங்க. க்ஷிபின்னா காளான். இவன் ஆமான்னு சொல்லியிருக்கான். அவ்வளவுதான் சார், அந்த அம்மா படியேறி வந்து, செருப்போட வீட்டுக்குள்ள நுழைஞ்சு, ஷெரின் கண்ணு இமையைக் கீழ இழுத்துப் பார்த்தாங்க. நெத்தியைத் தொட்டாங்க. எப்ப சாப்பிட்டது, எப்ப வாந்தின்னு விரலைக் காட்டி மணியைக் கேட்டாங்க. இப்ப நல்லாருக்கு, சரியாப் போச்சுன்னு நான் சொன்னேன். அதைக் கேட்டதும் அந்த அம்மா முகம் வெளுத்துப் போச்சு சார். நல்லாருக்குன்னு கேட்டுட்டு ஒருத்தர் பயந்து நான் அப்பத்தான் பார்த்தேன். போனை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டாங்க.

அப்புறந்தான் டாக்டர் விளக்கிச் சொன்னார். அந்தக் காளான் அப்படித்தானாம். முதல்ல வாந்தி, அப்புறம் ஒரு நாள் ஒன்னுமே இல்லாத மாதிரி விட்டுருமாம். அந்த நேரத்துல உள்ள ஈரலைத் தின்னுக்கிட்டு இருக்குமாம். எந்திரிச்சு நடந்தவங்க மூணாம் நாள் விழுவாங்களாம். டாக்டர் சின்ன வயசுக்காரர், இங்கிலீஷ்ல நிதானமாப் பேசினார். ஷெரினையும் இர்ஃபானையும் படுக்க வச்சு ரெண்டு கையிலயும் மருந்து ஏத்தினாங்க. இர்ஃபான் கட்டில் ஓரமா என்னைக் கூப்பிட்டார். சமைச்சதுல மீதி ஏதாவது இருக்கா, தோல், காம்பு எதுவா இருந்தாலும் வேணும், எந்தக் காளான்னு உறுதியாத் தெரிஞ்சா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னார்.

ஒன்னுமில்லன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. வாய் சொல்லிருச்சு. இர்ஃபான் படுத்த இடத்துல இருந்தே தலையைத் தூக்கினான். பச்சைக் கவர்ல கட்டிப் போட்டியேடா, குப்பையில இருக்குமேன்னான், அதையே இங்கிலீஷ்லயும் சொன்னான். டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமா, மறந்துட்டேன்னு சொல்லிட்டு ஓடினேன். ஓடினேன் சார், டிராம்ல உக்காரவே இல்ல.

குப்பைத் தொட்டி எங்க பில்டிங்குக்குப் பின்னாடி ஒரு கொட்டகையில. நான் போறதுக்குள்ள பானி தனுதா அங்க நிக்கிறாங்க. மரத் துடைப்பக் கட்டையால கிளறிக்கிட்டு இருக்காங்க. அவங்க கை எட்டல. நான் தொட்டிக்குள்ள பாதி உடம்பை விட்டு எடுத்தேன். கவரைப் பிரிச்சு ஒரு நியூஸ் பேப்பர் மேல கொட்டினோம். அந்த அம்மா குந்தி உக்காந்து ஒவ்வொன்னாத் தள்ளித் தள்ளிப் பார்த்தாங்க. தோல், வெங்காயச் சருகு, காம்புத் துண்டு. அப்புறம் அந்த டிஷ்யூ. பிரிச்சாங்க.

உள்ள அந்த அடிக்காம்பு, முட்டை ஓடு மாதிரி பையோட, அப்படியே இருந்துச்சு. சுத்தமா வெட்டி, மடிச்சு, பொட்டலம் மாதிரி.

அந்த அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே வார்த்தை சொன்னாங்க, மெதுவா. "விஜாவெஷ்."

அப்படின்னா அர்த்தம் இதுதான் சார். நீ பார்த்திருக்கே.

நான் கையை நீட்டினேன், குடுங்க, கொண்டுபோறேன்னு. குடுக்கல. டிஷ்யூவைத் திரும்ப மடிச்சுத் தன் கைப்பையில போட்டு, பையை மார்போட அணைச்சுக்கிட்டு டிராம் ஏறினாங்க. வீட்டுச் செருப்போட. நான் பின் சீட்ல உக்காந்து போனேன். வெயில் அடிக்குது. டிராம் அந்த மயில் பூங்கா வழியாத்தான் போச்சு. வேலிக்கு வெளிய சின்னப் புள்ளைங்க நின்னு வேடிக்கை பார்க்குதுங்க. நானும் இந்தக் கும்பல்ல ஒருத்தனா, ஒன்னும் தெரியாதவனா நிக்கக்கூடாதான்னு இருந்துச்சு.

அன்னைக்கு மத்தியானமே ஷெரினை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினாங்க. ஈரலுக்குன்னே தனி வார்டு. தினம் ரெண்டு தடவை ரத்தம் எடுப்பாங்க. நாப்பதுக்குள்ள இருக்க வேண்டிய ஒரு எண்ணு செவ்வாய்க்கிழமை மூவாயிரத்துக்கு வந்துச்சு. புதன்கிழமை ஆறாயிரம். கண்ணு மஞ்சளாயிருச்சு. பேச்சு குழற ஆரம்பிச்சுச்சு, என்னைப் பார்த்து, அண்ணா பஸ் வந்துச்சான்னு கேக்குது. இன்னும் ஏறினா மாத்து ஈரல் வைக்கணும், கிடைக்குமான்னு தெரியாது, வீட்டுக்காரங்களை வரச் சொல்லுங்கன்னாங்க.

அவங்க அப்பாவுக்குப் போன் பண்ணினது நான்தான். வேற யாரு இருக்கா? அவர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். அப்புறம், உனக்கு ஒன்னும் ஆகலையா தம்பின்னு கேட்டார். என்னைக் கேக்குறார் சார், அந்த நேரத்துல. நானும் சாப்பிட்டேன் அங்கிள், கர்த்தர் காப்பாத்தினார்னு சொல்லிட்டேன். அந்தாளுக்கு ஒரு தைரியம் வரட்டும்னுதான் சொன்னேன். சாப்பிட்டவன் ஒருத்தன் பிழைச்சு நிக்கிறான்னு தெரிஞ்சா ஒரு நம்பிக்கை வரும்ல?

விசாவுக்கு அலைஞ்சு அவர் வர்றதுக்கு ஒன்பது நாள் ஆச்சு. அந்த ஒன்பது நாளும் தினம் ரெண்டு தடவை கூப்பிடுவார். ஆஸ்பத்திரி வராந்தாவுலயே கிடந்தேன். வெள்ளிக்கிழமை காலையில நர்ஸ் வந்து, நேத்தைய எண்ணை விட இன்னைக்குக் குறைவுன்னு சொன்னாங்க. எனக்குக் காதுல விழல. திரும்பச் சொல்லச் சொன்னேன். சனிக்கிழமை இன்னும் இறங்குச்சு. ஞாயித்துக்கிழமை ஷெரின் தண்ணி கேட்டுச்சு. மாத்து ஈரல் வேண்டியிருக்கல. பிழைச்சுருச்சு சார்.

அந்த ஈரல் வார்டுலயே ஒரு நாள் இர்ஃபான் பார்க்க வந்தான். அவனுக்கு அப்பவே சரியாயிருச்சு, நாலு நாள்ல விட்டுட்டாங்க. ஷெரின் கட்டில் பக்கத்துல ரெண்டு பேரும் நின்னோம். அவன் சாதாரணமாத்தான் கேட்டான். "காளான் பறிச்சதுக்கு முந்தின சனிக்கிழமையும் புரட்டாசிதானேடா? அன்னைக்கு ராத்திரி நீதானே கோழி வறுத்தே?"

இந்தத் தடவை ரெண்டாவது வாரத்துல இருந்துதான் ஆரம்பிச்சேன்னு சொன்னேன். நிஜந்தான் சார், சில பேரு அப்படியும் இருப்பாங்க. அவன் அடுத்த வாரம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். இன்னைக்கு வரைக்கும் ஒரு மெசேஜ் இல்ல. ரெண்டு வருஷம் ஒரே சட்டியில தின்னவன். நான் என்ன பண்ணினேன் அவனுக்கு? நல்லவேளை, ஷெரின் அப்ப கண்ணை மூடித் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு எதுவும் கேட்டிருக்காது.

இது சாமல்பட்டி சார். அடுத்து கொஞ்ச நேரத்துல மொரப்பூர். பையை எடுத்து வச்சுக்கறேன். இல்ல இல்ல, நீங்க உக்காருங்க, நான் எடுத்துக்கறேன்.

ஜோஸ் அங்கிள் வந்தார். ஏர்போர்ட்ல என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதார். என் மக்களுக்குக் கூடவே இருந்தியே தம்பி, நீயும் அதையே தின்னு, உன் உடம்பையும் பார்க்காம இருந்தியேன்னார். நான் அவர் பெட்டியை வாங்கித் தூக்கிக்கிட்டேன். என்ன சொல்ல முடியும் அந்த நேரத்துல? ஷெரினை டிஸ்சார்ஜ் பண்ணி வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தோம். பாதியாப் போயிருந்துச்சு புள்ளை. பானி தனுதா கீழ நின்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்பாவுக்கும் கை குடுத்தாங்க. என்னைத் தாண்டிப் பார்த்துட்டு உள்ள போயிட்டாங்க.

மத்தியானம் அங்கிள் கஞ்சி வச்சார். ஊர்ல இருந்து சிவப்பரிசியும் சிறுபயறும் கொண்டு வந்திருந்தார். எங்க அடுப்படியில, எங்க சட்டியில. மூணு கிண்ணத்துல ஊத்தி மேஜையில வச்சார். ஷெரின் எதிர்ல உக்காந்துச்சு. அங்கிள் பேசிக்கிட்டே பரிமாறினார், ரெண்டு பேரும் ஒரே விஷத்தைத் தின்னு ரெண்டு பேரும் பிழைச்சீங்க, ஊருக்குப் போனதும் சர்ச்சுல ரெண்டு பேரு பேரையும் சொல்லி நேர்ச்சை போடணும்னார். ஷெரின் கிண்ணத்தைப் பார்த்துச்சு. அப்புறம் என்னைப் பார்த்துச்சு. கை மேஜை மேல அப்படியே இருக்கு. ஸ்பூனைத் தொடல.

"ஆறிப் போகும், குடி மக்களே," அப்படின்னார் அங்கிள்.

"அண்ணன் முதல்ல சாப்பிடட்டும் அப்பா."

அங்கிளுக்குச் சந்தோஷம். பார்த்தியா தம்பி, உன் மேல எவ்வளவு மரியாதைன்னு என் தோளைத் தட்டினார். மரியாதைதான் சார், நானும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். நல்லா வளர்த்த புள்ளை. ஸ்பூனை எடுத்தேன். வெறும் கஞ்சி அது. அரிசி, பயறு, உப்பு, என் கண்ணு முன்னால வச்சது. வாய் வரைக்கும் கொண்டுபோறதுக்குள்ள பாதி சிந்திருச்சு. அவ கண்ணைச் சிமிட்டல. வாயில வச்சேன். எப்படியோ முழுங்கினேன்.

நான் முழுங்கற வரைக்கும் என் தொண்டையையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறந்தான் தன் ஸ்பூனை எடுத்துச்சு.

அவங்க கிளம்பற வரைக்கும் ஆறு நாளு சார், மூணு வேளையும் அப்படித்தான்.